ரப்பர் வளையம் இல்லாத புல்லி

பதினோரு நாளாக அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் "சாப்பிட்டியா?" என்று கேட்கவில்லை.

மலைப்பாதை இறக்கத்தில் தம்பியின் டாக்ஸி தறிகெட்டு ஓடி, சாலையோரம் தார் போட்டுக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் மோதி நின்ற நாளிலிருந்து இப்படித்தான். தொழிலாளி மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். வண்டியை ஓட்டியது தம்பி இல்லை. அவன் பின்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஓட்டியவள் அவன் மனைவி. இப்போது அவளுக்கு வலது கால் முழங்காலோடு முடிந்துவிட்டது. கட்டிலில் கிடப்பவள் மேல், கவனமில்லாமல் ஓட்டி ஓர் உயிரைப் பறித்ததாக வழக்கு.

"இன்ஜின் தானா இறுகி நின்னுச்சு. ஸ்டீயரிங் கல்லாயிடுச்சு. நான் என்ன பண்ணுவேன்?" என்று அவள் நினைவு வந்த நிமிடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. வண்டியைச் சோதித்த அதிகாரி பிரேக்கையும் டயரையும் பார்த்து, எல்லாம் ஒழுங்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்ஜினைத் திறக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தம்பிக்குத் தோன்றியது. நொறுங்கிய வண்டியை ஸ்டேஷனிலிருந்து மீட்டு, இன்ஜினை மட்டும் இறக்கி, தன் அக்காவின் பட்டறை வாசலில் கொண்டுவந்து போட்டான்.

"திறந்து பாருக்கா. அவ சொல்றது நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அக்காவுக்கு அந்த வட்டாரத்தில் 'மைக்ரான்' என்று பட்டப்பெயர். கிராங்க் கடைசல் பட்டறை நடத்துகிறாள். பிஸ்டன்கள் மேலும் கீழும் குத்துகிற குத்தையெல்லாம் வாங்கிச் சுழற்சியாக மாற்றித் தருகிறதே ஒரு இரும்புத் தண்டு, அதுதான் கிராங்க். அதைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது அவள் தொழில். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பிசகினாலும் வேலையை வெளியே விடமாட்டாள்.

இரண்டு தெரு தள்ளி அவள் கணவருக்குக் கார் அலங்காரக் கடை. விளக்கு, சைலன்சர், சக்கர மூடி என்று எது மின்னினாலும் அங்கே கிடைக்கும். அவருக்கு வாய்த்த பெயர் 'பளபளா'. "மைக்ரானும் பளபளாவும் ஒரே கூரைக்குக் கீழே எப்படித்தான் குப்பை கொட்டறாங்களோ!" என்பது அந்தத் தெருக்களில் நிரந்தரமாக ஓடுகிற கேலி.

அன்று காலை எட்டு மணிக்குப் பட்டறையில் சிரிக்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

"கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்காதே. அந்தப் பக்கம் பிடி," என்றாள் அக்கா. தம்பியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். நாலு நாள் முன்னால், கால் வெட்டுப்பட்டுக் கிடந்தவளைக் "கொலைகாரி" என்று கத்தி, வார்டு முழுக்கப் பார்க்கக் கன்னத்தில் அறைந்தவன் அவன். நர்ஸ் வந்து பிடித்து இழுத்தாள். அக்கா அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

அடித்தட்டைக் கழற்றியதும் கறுப்பு எண்ணெய் கொட்டியது. அதில் ஜிகினா தூவியது போல இரும்புத்தூள். அக்கா ஒவ்வொரு மூடியாக எடுத்துவிட்டு, இரு கையாலும் கிராங்கைத் தூக்கினாள்.

பாதிதான் வந்தது. மறு பாதி உள்ளேயே கிடந்தது.

"உடைஞ்சிருக்கு!" என்றான் தம்பி. "சுவர்ல மோதின வேகத்துல உடைஞ்சிருக்கும். அப்ப இன்ஜின் நின்னதுன்னு அவ சொன்னது..."

"வாயை மூடு."

அக்கா இரண்டு துண்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உடைந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"இங்க வாடா. இந்த ஓரத்துல சர்க்கரை கொட்டின மாதிரி பொரபொரன்னு இருக்கா? ஒரே அடியில உடைஞ்ச இரும்பு முழுசும் இப்படித்தான் இருக்கும். மீதி இடத்தைத் தடவிப் பாரு. வழவழன்னு இருக்கா? வரி வரியா, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வளைஞ்சு வந்திருக்கா?"

"ஆமா."

"இது பழைய விரிசல். மாசக்கணக்கா உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டே வந்திருக்கு. கடைசியில இந்த நகத்தளவு இரும்புதான் உன் மொத்த வண்டியையும் இழுத்துக்கிட்டிருந்தது. அதுவும் அந்த இறக்கத்துல கைவிட்டுடுச்சு. மோதி இது உடையலை. இது உடைஞ்சுதான் வண்டி மோதியிருக்கு."

தம்பி அந்த வரிகளை மறுபடி தடவிப் பார்த்தான்.

"அவ நிஜத்தைத்தான் சொன்னா. கால் போன வலியில கிடந்தவளை நீ அறைஞ்சிருக்கே."

அவன் அப்படியே ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான். வலது உள்ளங்கையைத் தொடையில் வைத்துத் தேய்த்தான்; நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"மூணு வருஷ வண்டிக்கா. எண்ணெய் மாத்தத் தவறினதே இல்ல. எப்படி விரிசல் விடும்?"

அதைத்தான் அக்காவும் யோசித்தாள். இன்ஜினின் முன்பக்கச் சாமான்களைத் தம்பி நேற்றே கழற்றி ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தான். அதைக் கிளறினாள். பெல்ட், போல்ட்டுகள், அடியில் பளீரென்று நீல நிறத்தில் ஒரு புல்லி. கிராங்கின் மூக்கில் மாட்டிப் பெல்ட்டை ஓட்டுகிற சக்கரம்.

கையில் எடுத்தாள். காகிதம் மாதிரி கனமே இல்லை. அலுமினியம். கம்பெனியில் வருவதைவிட இரண்டு விரற்கடை சின்னது.

"ரப்பர் எங்கே?" என்றாள்.

"என்ன ரப்பர்?"

"இந்த இன்ஜினோட ஒரிஜினல் புல்லி ரெண்டு துண்டுடா. நடுவுல ஒரு இரும்பு, வெளியே ஒரு வளையம், ரெண்டுக்கும் இடையில ரப்பர். ஒவ்வொரு குத்துக்கும் கிராங்க் நூலிழை முறுக்கிக்கிட்டுத் திரும்பும். அந்த நடுக்கத்தைத் தின்னு தீர்க்கிறது அந்த ரப்பர்தான். அதை எடுத்துட்டு இப்படி ஒரே கட்டியா ஒண்ணை மாட்டினா நடுக்கமெல்லாம் எங்கே போகும்? கிராங்குக்குள்ளேயே போகும்."

பேசிக்கொண்டே புல்லியின் நடுத்துளைக்குள் விரலை விட்டாள். விரல் நின்றுவிட்டது.

துளையின் விளிம்பு இரண்டு படியாகச் சரித்து விடப்பட்டிருந்தது. மாட்டுகிறவன் விரலை அறுக்கக் கூடாதென்று அந்த வட்டாரத்திலேயே ஒரே ஒருத்தர்தான் இப்படி இரண்டு படி வைப்பது. அது அவள்தான்.

ஐந்து மாதம் முன்னால் ஒரு மதியம், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தபோது பளபளா வந்து நின்றார். "பம்ப்செட்டுக்கு ஒரு புல்லி. துளை கொஞ்சம் இறுக்கமா இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை." அப்போது அதற்கு நீலம் இல்லை; வெறும் அலுமினியமாக இருந்தது. பெல்ட் பள்ளங்கள் காருக்கானவை; அதைப் பார்த்தே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பசி. சொன்னது கட்டின புருஷன். கடைந்து கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"இதை யார் மாட்டினது?"

"மாமாதான். எங்க கல்யாண நாளுக்குப் பரிசுன்னு அவர் கடையிலயே போட்டுக் கொடுத்தார். வண்டி சிட்டாப் பறக்கும், பெட்ரோலும் மிச்சமாகும்னார். 'உங்கக்காகிட்ட மூச்சு விடாதே, ஆயிரம் நொட்டை சொல்லுவா'ன்னு..."

சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்கு விளங்கிவிட்டது. அக்கா மனதில் இருப்பதை முகத்தில் மறைக்கத் தெரியாதவள். அன்று மறைக்க முயன்றும் தோற்றாள். தம்பி எழுந்தான். அவள் கையிலிருந்து புல்லியைப் பிடுங்கினான். சுவரில் தொங்கிய வீல் ஸ்பானரை மறு கையில் உருவினான்.

"டேய், நில்லு! டேய்!"

அதற்குள் அவன் தெருவில் இறங்கிவிட்டான்.

எண்ணெய்க் கையோடு, செருப்புக்கூட இல்லாமல் அக்கா பின்னால் ஓடினாள். முதல் திருப்பத்திலேயே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது. மூன்றாவது. போய்ச் சேரும்போது கடையின் முன்கண்ணாடி முழுவதும் நடைபாதையில் கிடந்தது. வாங்க வந்த இருவர் தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள்.

"கல்யாணப் பரிசா? கல்யாணப் பரிசாடா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. விளக்குகள் வரிசையாக வெடித்தன. அதுவரை மாமா என்பதைத் தவிர வேறு வார்த்தையில் அழைத்திராதவன்.

பளபளாவும் அடி வாங்கிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. விற்பனைக்கு மாட்டியிருந்த ஸ்டீயரிங் பூட்டை, அந்த நீள இரும்புத்தடியை, உருவிச் சுழற்றினார். தம்பியின் காதோரம் விழுந்தது. காது பாதி கிழிந்து தொங்கியது. ரத்தம் சட்டைக் காலரைத் தாண்டி மார்புக்கு இறங்கியது.

"பைத்தியம் பிடிச்சிருச்சா மச்சான் உனக்கு? போடா வெளியே!"

இரண்டாவது வீச்சுக்கு அவர் கை ஓங்கும்போதே தம்பி ஸ்பானரை முழங்காலில் இறக்கினான். அவர் அலறிக்கொண்டு கண்ணாடித் துண்டுகளின் மேலேயே விழுந்தார். தம்பி அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். நீலப் புல்லியால் வாயில் குத்தினான்.

"இது அவ காலுக்கு!"

பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

"இது செத்தவனுக்கு!"

மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இது நான் அவளை அறைஞ்சதுக்கு!"

மூன்றாவது அடியில் புல்லி அவன் கையிலிருந்தே வழுக்கிப் போனது. அவன் ஸ்பானரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். இந்த முறை குறி நெற்றி.

அக்கா எதையும் யோசிக்கவில்லை. குறுக்கே விழுந்து வலது கையை நீட்டினாள்.

லேத்தில் டிரில் பிட் ஒடியும்போது வருமே, அதே மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் கை வளையக் கூடாத இடத்தில் வளைந்தது. வலி ஒரு கணம் கழித்துத்தான் வந்தது. வந்தபோது அவள் கத்தவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்பானர் கீழே விழுந்தது. "அக்கா..." என்றான் தம்பி, சின்னப் பிள்ளைக் குரலில்.

அவர் நெஞ்சிலிருந்து இறங்கினான். பளபளா நகர்ந்து அலமாரியில் சாய்ந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு முதலில் பேசினார். பேச்சுதானே அவர் பிழைப்பு.

"எத்தனை பேர் இதைப் போட்டு ஓட்டறான் தெரியுமா? ரேஸ்காரன் போடறான். வருஷக்கணக்கா ஓடுது. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலை. இவன் பொண்டாட்டிக்கு ஓட்டத் தெரியலைன்னா அதுக்கு நானா?"

"சில இன்ஜின்ல ஒண்ணும் ஆகாதுங்க," என்றாள் அக்கா. குரல் நிதானமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "அதுல ஒரிஜினல் புல்லியே வெறும் சக்கரமாத்தான் வரும். அதுக்குப் பதிலா சின்னதா மாட்டினா பேட்டரி மெதுவா ஏறும், வெயில்ல கொஞ்சம் சூடாகும், அதோட சரி. ரேஸ்காரன் பத்து ஓட்டத்துக்கு ஒரு தடவை இன்ஜினைப் பிரிச்சுப் பார்ப்பான். டாக்ஸி ஓட்டறவன் பார்ப்பானா? இந்த இன்ஜினுக்கு அந்த ரப்பர் வேணும். எதுக்கு வேணும், எதுக்கு வேண்டாம்னு தெரியாம நீங்க கையை வைக்கலாமா?"

"எனக்கு யார் சொன்னா அதெல்லாம்?"

"என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பம்ப்செட்டுக்குன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வலியும் கோபமும் சேர்ந்து வாயைத் திறக்க வைத்தன.

"கார்னு சொன்னா நீ கடைஞ்சு கொடுத்திருப்பியா?"

அக்கா அவரையே பார்த்தாள். இருபத்தோரு வருடம் கூட வாழ்ந்த முகம். உதடு கிழிந்து, பல் போய், ரத்தத்தில் நனைந்திருந்தது. அந்த முகத்தில் அவள் இடது கையால் அறைந்தாள். இரும்பைத் தூக்கித் தூக்கிக் காய்த்த கை. அவர் தலை பின்னால் அலமாரியில் போய் இடித்தது.

"அப்ப மாட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"துளை போட்டது நீயாக்கா?"

அவள் தலையசைத்தாள்.

அவன் எதையும் உடைக்கவில்லை. காதைக் கையால் அழுத்திக்கொண்டு அவள் காலடியில் துப்பினான். பிறகு, துப்பின அதே வாயால், "எழுந்திரு. கை வீங்குது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்," என்றான்.

கிளம்பும்போது அக்கா புல்லியைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். பட்டறையில் நின்று உடைந்த கிராங்கின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

கைக்கு மாவுக்கட்டும் காதுக்குத் தையலும் முடிய மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. அதே ஆஸ்பத்திரிதான், மூன்றாவது மாடியில் தம்பி மனைவி. இருவரும் வார்டுக்குள் நுழைந்தபோது அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை வலது பக்கம் முழங்காலோடு தட்டையாகிவிட்டிருந்தது.

தம்பி கட்டிலருகே போய் நின்றான். "நீ சொன்னது நிஜம்தான்," என்றான். "கிராங்க் உடைஞ்சிருக்கு. அக்கா பார்த்துட்டா. நான் உன்னை..."

தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் பாட்டில் அவன் நெற்றியில் வந்து மோதியது. புருவம் பிளந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"அறைஞ்சதுக்கு இல்ல இது," என்றாள் அவள். "ரெண்டு மாசமா சொன்னேன். வண்டி அதிருது, முன்னாடி ஏதோ முனகுதுன்னு தினம் சொன்னேன். நீ என்ன பண்ணினே? பாட்டுச் சத்தத்தைக் கூட்டினே. அதுக்கு இது."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கின. அவள் அவனைத் தொடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. கண்ணீர் வழிய நின்ற அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏன் அழறீங்க அண்ணி? கையில என்ன கட்டு?"

அக்கா சொன்னாள். பம்ப்செட், இறுக்கமான துளை, திறந்த டிபன் பாக்ஸ், எதையும் விடாமல் சொன்னாள். "பார்த்ததும் கண்டுபிடிச்சிருக்கணும்மா. என்னைத் தவிர வேற யாருக்குத் தெரியும்? நான் பார்க்கலை."

தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இதைப் போலீஸ்ல சொல்வீங்களா?"

"சொல்வேன்."

"உங்க வீட்டுக்காரர் உள்ள போவார்."

"போகட்டும்."

"நீங்களும் போவீங்க அண்ணி."

அதற்கு அக்கா பதில் சொல்வதற்குள் வார்டு வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். புறங்கையெல்லாம் தார் பட்டு வெந்த தழும்பு. இறந்துபோன தொழிலாளியின் அண்ணன். சாவுச் சான்றிதழ் வாங்கக் கீழே வந்தவர், வண்டி ஓட்டியவள் மேலேதான் இருக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டுப் படியேறி வந்திருந்தார்.

"யாரு அவ?" என்றார். போர்வையைப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. "உனக்கு ஒரு கால்தான் போச்சு. எங்க வீட்ல ஆளே போயிட்டான்!"

மருந்து மாட்டியிருந்த கம்பி ஸ்டாண்டை இழுத்தார். குழாய் பிய்ந்து அவள் கையிலிருந்து ரத்தம் சிதறியது. அவர் அதை ஓங்க, தரையில் இருந்த தம்பி பாய்ந்து மனைவியின் மேல் கவிழ்ந்தான். முதல் அடி அவன் முதுகில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே. அவன் திருப்பி அடிக்கவில்லை. அன்று காலை முதல் அடித்துக்கொண்டே இருந்தவன், இப்போது மனைவியைக் கைகளால் மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

மூன்றாவது அடி விழுவதற்குள் அக்கா அந்த ஸ்டாண்டை இடது கையால் பிடித்தாள்.

"ஐயா, ஓட்டினது அவதான். ஆனா உங்க தம்பி செத்தது அவளால இல்ல."

"வேற யாரால?"

அவள் துணிப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். கிராங்க் துண்டு கனத்தோடு விழுந்தது. புல்லி சத்தமே இல்லாமல் விழுந்தது. அந்த ஆள் இரும்பையும் தாரையும் கையாண்டவர். அக்கா காட்டக் காட்ட அவருக்குப் புரிந்தது. வரிகளைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதை மாட்டினது?"

"என் வீட்டுக்காரர்."

"அவருக்கு இதைக் கடைஞ்சு கொடுத்தது?"

"நான்."

அவருடைய கை மெல்ல அவள் கழுத்துவரை வந்தது. சேலைத் தலைப்பைக் கொத்தாகப் பிடித்தது. அக்கா பார்வையைத் தாழ்த்தவில்லை. ஓடிவந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதை எங்கிட்ட ஏன் சொல்றே?" என்றார் அவர்.

"வேற யார்கிட்ட முதல்ல சொல்றது?"

பிடி தளர்ந்தது. "அப்ப வா," என்றார். "இப்பவே வா. வந்து எழுதிக் கொடு."

ஸ்டேஷனில் உள்ளே கூட்டமில்லை. மூன்றரை மணி வெயில் மேசைமேல் நேராக விழுந்தது. தம்பி வெளியே, அவர்கள் வந்த ஆட்டோவிலேயே இருந்தான். முதுகை நிமிர்த்த முடியவில்லை. இறந்தவரின் அண்ணன் வாசற்படியில் நின்றார். அக்கா பையை மேசையில் வைத்தாள்.

"மலைப்பாதை விபத்து வழக்குல ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள்.

எழுத்தர் நிமிர்ந்து அவள் மாவுக்கட்டைப் பார்த்தார்; முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதான் கிராங்க் பட்டறை வச்சிருக்கிற அம்மாவா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"உட்காருங்க. உங்க வீட்டுக்காரர் நொண்டிக்கிட்டு மதியமே வந்துட்டார். வாயெல்லாம் ரத்தம். பேச முடியாம கையாலயே எழுதிக் கொடுத்துட்டுப் போனார்." அவர் ஒரு தாளை நகர்த்தினார். "உங்க தம்பி கடையில புகுந்து அடிச்சது ஒண்ணு. அதுக்குக் கீழே இன்னொண்ணும் இருக்கு. படிங்க."

கையெழுத்து நடுங்கியிருந்தது, ஆனாலும் அவருடையதுதான். கொம்புகளையும் சுழிகளையும் விளம்பரப் பலகை மாதிரி இழுத்து எழுதுவார்.

'நான் விற்ற பொருளில் எந்தக் குறையும் இல்லை. அதன் துளையைக் கடைந்து பெரிதாக்கிக் கெடுத்தது என் மனைவி. அது தன் தம்பியின் காருக்குத்தான் என்று தெரிந்தே செய்தாள்.'

அக்கா இரண்டு தடவை படித்தாள். 'தெரிந்தே' என்ற சொல்லின் மேல் மட்டும் மை திட்டாக ஊறியிருந்தது. அந்த இடத்தில் பேனா சற்றுநேரம் நின்றிருக்கிறது. நின்றுவிட்டு, எழுதியும் இருக்கிறது.

கட்டுப்போட்ட கை திடீரென்று தெறித்து வலித்தது. அந்த மண்டையில் விழவிருந்த அடியை வாங்கிய கை.

"உங்களுக்கு விஷயம் தெரியாதுன்னு சொல்ல சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் எழுத்தர்.

"நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம்."

"அப்போ அவர் சொல்லுக்கு எதிரா உங்க சொல்." அவர் பேனாவை உருட்டினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "அம்மா, வீட்டுக்குப் போய் ஒரு வக்கீலைப் பாருங்க. நாளைக்கு வாங்க. நீங்க இன்னிக்கு வந்ததா நான் எழுதலை."

வாசலில் நின்றவர் அசைந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் கொடுத்தால் பளபளா என்னவெல்லாம் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். கடையின் பின்னறையில் கழற்றிப் போட்ட அந்த ஒரிஜினல் புல்லி, ரப்பர் வளையம் உள்ளது, நாளைக்கு அங்கே இருக்காது. வண்டியில் எதை மாற்றினார் என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போகும். மூன்றாவது மாடியில் கிடப்பவள் மறுபடி கொலைகாரி ஆவாள்.

"எனக்கு வலது கை எழுதாது," என்றாள். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"யோசிச்சுக்குங்கம்மா. நீங்க சொல்றதை வச்சு உங்களையே இங்க உட்கார வைக்க வேண்டி வரலாம்."

"முதல் வரி," என்றாள் அக்கா. "துளை போட்டது நான்தான்."